வெட்டுமணி பாட்டா கடை: நான் செஞ்ச வால்வு ப்ரீஆம்ப்புல ஹம்மு போன கத

இந்த பழைய ரேடியோ, ஆம்ப் ரிப்பேர் கடைக்கு போர்டு கெடையாது, மேப்புல தேடுனாலும் வராது. மார்த்தாண்டம் வெட்டுமணில எறங்கி மார்க்கெட் பக்கமா நடந்தா குடை ரிப்பேர் பாக்குற ஒரு அண்ணன் தார்ப்பாய் கெட்டி உக்காந்திருப்பாரு, அவருக்கு பின்னால ஒரு சந்து, சந்துல மூணாவது ஷட்டரு. பாதிதான் எப்பவும் தூக்கியிருக்கும், குனிஞ்சு ஏறணும். உள்ள எட்டடிக்கு ஆறடி இருந்தா அதிகம். ஒரு செவுரு முழுக்க பழைய மர்பி, புஷ், பிலிப்ஸ் ரேடியோ பொட்டிங்க, மேல மைக்செட்டு குழாய் ஸ்பீக்கரு நாலு, நடுவுல எழுபது தாண்டுன ஒரு பாட்டா (தாத்தாவ எங்க ஊருல அப்படித்தான் கூப்பிடுவோம்). பேரு போடாத மக்ளே, போன் நம்பரும் போடாதன்னு சொல்லிட்டாரு, அதனால வழி மட்டும் சொல்லியிருக்கேன்.

ரிவ்யூதான் எழுதுறேன், ஆனா என்ன தீனத்தோட போனேன்னு சொல்லாம கடையப் பத்தி மட்டும் சொன்னா ஒண்ணும் வெளங்காது, அதனால கொஞ்சம் நீளும்.

நான் பதினோரு வருஷம் சவூதில கெடந்துட்டு ஊருக்கு வந்தவன், வீடு குளச்சல் பக்கம், கடலுக்கும் எங்களுக்கும் நடுவுல ரெண்டு தெருதான். வரும்போது ஒரு டர்ன்டேபிள் கொண்டு வந்தேன், அப்பா சேத்து வச்சிருந்த நாதஸ்வர ரெக்கார்டுங்க ஒரு அட்டைப்பெட்டி நெறைய பரண்ல கெடந்துச்சு, அதக் கேக்கணும்னு ஆச. செரி, ரெக்கார்டு முள்ளோட சின்ன ஒச்சைய பெருக்கி பெரிய ஆம்புக்கு குடுக்குற ப்ரீஆம்ப்ப நம்மளே செய்வோம்னு ஆன்லைன்ல ஒரு வால்வு (பழைய ரேடியோல எரியுற கண்ணாடி குழாய்) கிட்டு வாங்குனேன், 9,800 ரூவா. 12ஏஎக்ஸ்7 வால்வு ரெண்டு, 12ஏயூ7 வால்வு ஒண்ணு, போர்டு, டிரான்ஸ்பார்மரு, கருப்பு கலர்ல அனோடைஸ் பண்ணுன அலுமினிய பொட்டி, எல்லாம் சேத்து. மூணு ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்து உக்காந்து சால்டர் பண்ணி முடிச்சேன். ஆன் பண்ணுனா பொகை வரல, வால்வு மூணும் செவந்து அழகா எரியுது, பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்காங்க, ரெக்கார்டுல முள்ள வச்சா நாதஸ்வரத்துக்கு முன்னாடி வண்டு வந்துச்சு. உம்ம்ம்ம்னு. கருவண்டு பனங்குருத்துல மாட்டிக்கிட்டா எப்படி கத்துமோ அப்படி. வீட்டுக்காரி அடுக்களைல இருந்து கேக்கா, மாவு மில்லு யாரு புதுசா தொறந்தான்னு.

ஹம்மு மட்டும்னா பரவால்ல. இடது பக்க ஸ்பீக்கர்ல எண்ணெயில பப்படம் போட்ட மாதிரி ஒரு ஸ்ஸ்ஸ், மழை பெய்ஞ்சா சாயங்காலம் பட்டு பட்டுன்னு ஒரு வெடிப்பு, பொட்டிய தொட்டா டிங்னு கோயில் மணி. ஆக நாலு வெதமான ஒச்ச. நான் நாலும் ஒரே வியாதின்னு நெனச்சேன், அங்கதான் என் காசு போச்சு. தங்க முலாம் பூசுன கேபிள் 2,400 ரூவா, ஹம்மு அப்படியே இருக்கு. புது வால்வு ஒரு ஜோடி, ஹம்மு அப்படியே இருக்கு. பெரிய கன்டென்சரு வாங்கி மாத்துனேன், அதே வண்டு.

அப்பறம் மெக்கானிக்கு தேடுனேன். ஒரு எடத்துல பொட்டிய தொறக்காமலே, இதெல்லாம் களஞ்சிட்டு புளூடூத் செட்டு வாங்குங்க சாரேன்னான். இன்னொரு எடம், ஊரு பேரு வேண்டாம், அட்வான்சு 500 வாங்கிட்டு மூணு வாரம் வச்சிருந்து, ஹம்ம கொறச்சிட்டேன்னு சொல்லி தந்தான், உண்மையாவே கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு, நானும் சந்தோஷமா ஒரு மாசம் பாட்டு கேட்டேன். அவன் என்ன பண்ணியிருந்தான்ங்குறது பாட்டா பொட்டிய தொறந்தப்பதான் தெரிஞ்சுது. கரண்டு வயருல உள்ள பச்ச வயர, அதான் எர்த்து வயர, கட் பண்ணி டேப்பு சுத்தி மடக்கி வச்சிருக்கான். உள்ள 270 வோல்ட் டிசி ஓடுற பொட்டி, வெளிய முழுக்க அலுமினியம், பிள்ளைங்க தொடுற எடம். பாட்டா அந்த வயர ரெண்டு வெரலால தூக்கி காட்டிட்டு சொன்ன வார்த்தைய இங்க எழுத முடியாது. "ஹம்மு வந்தா காதுக்குத்தான் கேடு மக்ளே, இது ஆள அள்ளிட்டு போயிரும்"னுட்டு மொத வேலையா அத சேத்து சால்டர் பண்ணுனாரு. யாராவது உங்க கிட்ட எர்த்த கழட்டி விட்டா ஹம்மு போவும்னு சொன்னா, ஹம்மு போவுறது நெசந்தான், அதுக்காக செய்யாதீங்க, கிரவுண்டு ரெண்டு வழியா சேந்து வளையமா சுத்துற லூப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு அத ஒடைக்கணும்.

இனி கடைய பத்தி.

பாட்டாவோட வேலைல எனக்கு ரொம்ப பிடிச்சது, சால்டரிங் அயன எடுக்கதுக்கு முன்னாடி அரை மணிக்கூறு சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாரு. மொதல்ல 100 வாட் குண்டு பல்பு ஒண்ண சீரிஸ்ல போட்டு அது வழியாத்தான் என் பொட்டிக்கு கரண்டு குடுத்தாரு, ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், செட்டு பொழைச்சுக்கும். பல்பு பளிச்னு வந்து மங்குச்சு, ம் செரின்னாரு. அப்பறம் அவரு மேசைல ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரு இருக்கு, அதுல இருந்து ரெண்டு வயரு. ஒரு வயர டெஸ்ட் ஆம்ப்ல தொட்டாரு, ஊஊன்னு வழவழன்னு ஒரு அடிக்குரல். "இது அம்பது." இன்னொரு வயரு ஏசிய டிசியா மாத்துற டயோடு நாலு வழியா வருது, அத தொட்டாரு, ர்ர்ர்ன்னு கொஞ்சம் பல்லு முளைச்ச மாதிரி ஒரு ஒச்ச. "இது நூறு. இப்ப உன் பொட்டில எது கேக்கு?" நான் முழிச்சேன். மறுபடி தொட்டு காட்டுனாரு. கேக்க கேக்க புரிஞ்சுது, என் பொட்டில ரெண்டும் இருக்கு, அம்பது பெருசா, நூறு அதுக்கு அடியில ஒளிஞ்சு.

நம்ம லைன் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அது நேரா டிரான்ஸ்பார்மரோட காந்தம் வழியாவோ, வால்வ உள்ள சூடாக்குற ஹீட்டர் வயரு வழியாவோ ஏறுனா 50ஆ கேக்கும். டயோடு தாண்டி வந்த சப்ளைல மிச்சம் இருக்குற அலையா இருந்தா, இல்ல அந்த சார்ஜிங் கரண்டு கிரவுண்டு வயருல கலந்தா, 100ஆ கேக்கும். சப்ளைல உள்ள அலைய மட்டம் பண்ணுறதுதான் கன்டென்சரு, நான் அத மாத்துனது நூறுக்கான மருந்து, வியாதி முக்காவாசி அம்பது, பின்ன எப்படி கொறயும். இது கூட தெரியாம நான் மூணு மாசம் காச எறச்சிருக்கேன்.

அதோட டர்ன்டேபிள் ப்ரீஆம்ப்ல ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. ரெக்கார்டு முள்ளு குடுக்குறது வெறும் 4, 5 மில்லிவோல்ட், சிடி ப்ளேயரு 2 வோல்ட் வரைக்கும் தரும், அதனால பல நூறு மடங்கு பெருக்க வேண்டியிருக்கு. ரெக்கார்டு வெட்டும்போது அடி ஒச்சைய கொறச்சு வெட்டிருப்பாங்க, கேக்கும்போது அத திருப்பி தூக்கணும், அதுக்குத்தான் ஆர்ஐஏஏ சர்க்யூட்டு. 1000 ஹெர்ட்ஸ விட 50 ஹெர்ட்ஸ அது ஏழு மடங்கு கூட தூக்கும். சரியா நம்ம கரண்டு ஹம்மு உக்காந்திருக்குற எடம்! சாதா ஆம்ப்ல காதுக்கே எட்டாத ஹம்மு இதுல மாவு மில்லா ஆவுறது இதனாலதான்.

அடுத்து அவரு பண்ணுனது எனக்கு மேஜிக் மாதிரி இருந்துச்சு. என் போன்ல இருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியா சின்னதா பாட்டு குடுத்தாரு (அடி மட்டும் தூக்கி தவுல் கச்சேரி மாதிரி கேட்டுச்சு, சர்க்யூட்டு அப்படி), பாட்டு ஓடும்போதே டக்குன்னு என் பொட்டியோட பிளக்க உருவிட்டாரு. பாட்டு உடனே நிக்கல, கன்டென்சர்ல சார்ஜு இருக்கு, வால்வும் சூடா இருக்கு, ஒரு ஏழெட்டு செகண்டு ஓடிட்டுதான் தேய்ஞ்சுது. ஆனா ஹம்மு பிளக்க உருவுன அந்த நொடியே செத்துப்போச்சு. "பாத்தியா, பாட்டு ஓடுது, ஹம்மு போச்சு. அப்ப ஹம்ம உண்டாக்குறது உன் பொட்டிக்குள்ள ஓடுற ஏசி. வெளிய இருந்து வரல்ல." கூடவே ஒரு ஆர்சிஏ பின்ன (ஆடியோ கேபிள் நுனில வர்றது) காட்டுனாரு, நடு பின்னும் சுத்து வளையமும் சேத்து பத்த வச்சது, அத இன்புட்ல சொருகுனா இன்புட் ஷார்ட். சொருகுனாரு, ஹம்மு கொஞ்சமும் மாறல. டர்ன்டேபிளும் குத்தமில்ல, கேபிளும் குத்தமில்ல. 2,400 ரூவா தங்க கேபிள் பையில இருந்துச்சு, நான் அத வெளியவே எடுக்கல.

அப்பறம் ஆஃப் பண்ணி, கன்டென்சர ஒரு ரெசிஸ்டர் வச்சு எறக்கி, மீட்டர் வச்சு பாத்து, பின்னத்தான் உள்ள கைய விட்டாரு. இடது கை முழு நேரமும் பாக்கெட்டுக்குள்ள. ரெண்டு கையும் உள்ள போனா நெஞ்சு வழியா பாயும்னு அவரு ஆசான் சொல்லி குடுத்ததாம். மொத ரெண்டு வால்வ துணி வச்சு பிடிச்சு உருவிட்டு திருப்பி ஆன் பண்ணுனாரு, பெரிய ஹம்மு காணோம், அந்த நூறு மட்டும் லேசா. ஆக அம்பது ஏறுறது 12ஏஎக்ஸ்7 நிக்குற எடத்துல. எடம் தெரிஞ்சிடுச்சு, இனி ஆளு யாருன்னு பாக்கணும், ஹீட்டரா டிரான்ஸ்பார்மரா.

இதுக்கு அவரு எடுத்தது எமர்ஜென்சி லைட்டுல வர்ற 6 வோல்ட் பேட்டரி. டிரான்ஸ்பார்மர்ல இருந்து வர்ற ஹீட்டர் வயர கழட்டிட்டு பேட்டரிய மாட்டுனாரு. வால்வுக்கு 6.3 வோல்ட் வேணும், புல் சார்ஜுல இருக்குற 6 வோல்ட் பேட்டரி கிட்டத்தட்ட அத தரும், மூணு வால்வுக்கும் சேத்து 0.9 ஆம்பியர், கொஞ்ச நேரத்துக்கு தாராளம். வால்வு திரும்ப செவக்குற வர ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்தோம். முக்காவாசி ஹம்மு போயிருந்துச்சு. எனக்கு அழுவ வந்துச்சுன்னா நம்புவீங்களா, பாட்டா பீடிய பத்த வச்சிட்டு "சாயா குடிச்சிட்டு வா"ன்னாரு.

குத்தம் என்னன்னா கிட்டோட போர்டுல ஹீட்டர் கோடு ரெண்டும் தள்ளித் தள்ளி, இன்புட் கிரிட்டுக்கு (பாட்டு வால்வுக்குள்ள நொழையுற கால்) ஒட்டியே ஓடுது. நான் டிரான்ஸ்பார்மர்ல இருந்து கொண்டு வந்த வயரையும் முறுக்காம பாம்பு மாதிரி நீட்டி விட்டிருந்தேன். ஹீட்டருக்கு கிரவுண்டோட எந்த ஒறவும் இல்ல, அந்தரத்துல மெதக்குது. பாட்டா போர்டு கோட்ட ரெண்டு எடத்துல பிளேடால அறுத்துட்டு, வால்வு காலுக்கு நேரா புது வயரு போட்டாரு, 4, 5 சேத்து ஒரு பக்கம், 9 ஒரு பக்கம், ஓலப்பாய்க்கு கயிறு முறுக்குன மாதிரி நெருக்கமா முறுக்கி பொட்டியோட மூலைய ஒட்டி. பின்ன ஹீட்டரோட ரெண்டு கால்ல இருந்தும் ஆளுக்கு ஒரு 100 ஓம், நடுவுல ஒரு முனை. அந்த முனைய கிரவுண்டுல கொடுக்காம, 270 வோல்ட் சப்ளைல இருந்து 270கே, 47கே (கேன்னா ஆயிரம் ஓம்) ரெண்டு ரெசிஸ்டர் வச்சு பிரிச்சு 40 வோல்ட் எடுத்து அதுல உக்கார வச்சாரு, கூட ஒரு கன்டென்சரு. எதுக்குன்னா ஹீட்டரும் சூடான கம்பிதானே, அது சூடாக்குற கேத்தோடுக்கு (வால்வுல எலக்ட்ரான் கெளம்புற எடம்) அதுல இருந்தும் எலக்ட்ரான் கசியும், ஹீட்டர கேத்தோட விட மேல தூக்கி வச்சா அந்த கசிவு அடங்கிரும். ஹீட்டருக்கே டிசி குடுக்கலாமேன்னு கேட்டேன். குடுக்கலாம், ஒழுங்கா முறுக்குனா ஏசியே போதும், மைக்செட்டு ஆம்ப்ல எல்லாம் ஏசிலதான் எரிஞ்சுதுன்னாரு.

மிச்ச கால்வாசி அம்பது டிரான்ஸ்பார்மரோட காந்தம். மொத வால்வுல இருந்து நாலு வெரக்கட தூரம்தான் இருந்துச்சு. ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, செட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு மரக்கட்டையால டிரான்ஸ்பார்மர கொஞ்சம் கொஞ்சமா திருப்புனாரு. ரேடியோ ஸ்டேஷன் பிடிக்குற மாதிரியே இருந்துச்சு, ஒரு எடத்துல ஹம்மு தாழ்ந்து தாழ்ந்து அடங்கி, தாண்டுனதும் திரும்ப ஏறுது. அடங்குன எடத்துல பென்சில் கோடு போட்டு புதுசா ஓட்ட போட்டாரு. அடியில பழைய ரப்பர் செருப்ப வட்டமா வெட்டி வாஷரா குடுத்தாரு, இப்ப என் டிரான்ஸ்பார்மரு ஒரு நீல வார்செருப்பு மேலதான் நிக்கு. வால்வு போர்டுக்கும் அதே செருப்பு, அந்த டிங் டிங் பாதி கொறஞ்சுது. ஒரு வால்வு மட்டும் தட்டுனா இன்னும் மணி அடிச்சுது, அதுக்கு பதிலா நான் வாங்கி வச்சிருந்த புது ஜோடில ஒண்ண போட்டு செரி பண்ணுனாரு. ஆக அந்த காசு முழுசா வேஸ்ட் ஆவல.

நூறு ஹெர்ட்ஸ் கதையில எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. பொட்டி கிரவுண்டுக்கு நான் போட்ட ஸ்க்ரூ டைட்டாத்தான் இருந்துச்சு, ஆனா அனோடைஸ் பண்ணுன அலுமினியத்து மேல ஒரு படலம் இருக்கு, அது கரண்டு கடத்தாது. மீட்டர் வச்சா ஸ்க்ரூவுக்கும் பொட்டிக்கும் தொடர்பே இல்ல. மொத்த அலுமினிய பொட்டியும் சும்மா ஏரியல் மாதிரி நின்னிருக்கு! பிளேடால சொரண்டி பளபளன்னு உலோகம் தெரிஞ்ச பெறவு பல்லு வாஷர் போட்டு முறுக்குனாரு. அதோட சப்ளையோட மொத கன்டென்சர் நெகட்டிவ்வ இன்புட் கிரவுண்டோட ஒரே வயருல கோத்திருந்தேன். அந்த கன்டென்சருக்கு கரண்டு சொட்டு சொட்டா இல்ல, குபுக் குபுக்குன்னு செகண்டுக்கு நூறு தடவ ஏறும், அந்த குபுக்கு எல்லாம் இன்புட் வயரு வழியா போய்க்கிட்டு இருந்திருக்கு. சாக்கடையையும் குடிதண்ணியையும் ஒரே பைப்புல விட்டிருக்கியேன்னு கேட்டாரு. மொத கன்டென்சர் நேரா டயோடுக்கு, ரெண்டாவதுல இருந்துதான் மத்த கிரவுண்டு எல்லாம், சேசிய, அதான் அலுமினிய பொட்டிய, தொடுறது இன்புட் பக்கத்துல ஒரே எடத்துல. முடிஞ்சுது.

ஹிஸ்ஸுக்கு, அதான் அந்த பப்படம் ஒச்சைக்கு, அவரு ரெண்டு வால்வையும் எடம் மாத்திப் போட்டாரு, ஹிஸ் இடது பக்கமே இருந்துச்சு, ஆக வால்வு இல்ல. மூங்கில் குச்சியால ஒவ்வொரு ரெசிஸ்டரா தட்டிக்கிட்டே வந்தாரு, இடது பக்க வால்வோட பிளேட்டுல (பாட்டு வெளிய வர்ற கால்) இருந்த 100கே மேல தட்டுனதும் சர்ருன்னுச்சு. மெட்டல் பிலிம் ஒண்ணு போட்டாரு, 1 வாட்டு, ரெண்டு பக்கமும் மாத்துனாரு, வெல நாலஞ்சு ரூவா.

மழை சாயங்கால வெடிப்புக்கு காரணம் நான்தான். சால்டர் ஒட்டலன்னு பைப்பு வேலைக்காரங்க கிட்ட இருந்து ஒரு கொழகொழ பேஸ்ட்டு வாங்கி தடவியிருந்தேன். அது ஆசிட்டு பேஸ்ட்டு, கழுவாம விட்டா காத்துல உள்ள ஈரத்த குடிச்சு கரண்டு கசிய விடும். கிரிட்டு பக்கம் எல்லாம் லட்சக்கணக்கான ஓம் ரெசிஸ்டன்ஸு, அங்க அந்த சின்ன கசிவே பட்டுன்னு வெடிக்கும். நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, எங்க தெருவுல அதுக்கு மேல உப்பங்காத்து வேற, சாக்கெட்டு கால்ல பச்ச களிம்பே பிடிச்சிருந்துச்சு. போர்ட ஸ்பிரிட்டு ஊத்தி பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சு ரெண்டு நாள் வெயில்ல வச்சிருக்காரு, சாக்கெட்டு கால ஊசியால நெருக்கி விட்டாரு. கசிவு சர்க்யூட்டுல இல்ல, மேல தடவுன பேஸ்ட்டுலன்னு எந்த வரைபடத்துல தேடுவீங்க.

மொத்த பில்லு 650 ரூவா, சாமான் 200, கூலி 450. பில்லுன்னு சொல்லுறேன், சிகரெட் அட்டைக்கு பின்னால பென்சில்ல எழுதுனது. நான் ஆயிரம் குடுத்தேன், மிச்சத்த திருப்பி தந்துட்டாரு.

குறை இல்லாமலா. மொத்தம் பதினேழு நாள் ஆச்சு, அதுல அஞ்சு நாள் கடை பூட்டியிருந்துச்சு, ஏதோ ஒரு ஊர்ல சபைத் திருநாள், மைக்செட்டு கெட்ட கூப்பிட்டா பாட்டா போயிடுவாரு, சொல்லிட்டும் போமாட்டாரு. நான் குளச்சல்ல இருந்து கருங்கல் வழியா ரெண்டு பஸ்ஸு மாறி வந்து பூட்டுன ஷட்டர பாத்துட்டு திரும்புனது ரெண்டு தடவ. உக்கார எடமில்ல, பீடி பொகை, ஆஸிலோஸ்கோப்பு கெடையாது, எல்லாம் காதும் மீட்டருந்தான். நடுநடுவுல பேச்சு வேற, பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வு செஞ்ச காலத்து கத ஆரம்பிச்சாருன்னா அயன் ஆறிப்போவும். அட்டைப்பெட்டியோட பெல் வால்வு கொஞ்சம் வச்சிருக்காரு, வெலைக்கு கேட்டேன், தரமாட்டேன்னுட்டாரு. ஐசி போர்டு, புளூடூத், ஹோம் தியேட்டரு எல்லாம் கொண்டு போவாதீங்க, தொடவே மாட்டாரு. அவசரம்னாலும் போவாதீங்க.

கிட்டு பத்தி கேட்டா, டிரான்ஸ்பார்மரும் வால்வும் குடுத்த காசுக்கு கொள்ளாம், போர்டுல ஹீட்டர் கோடு போட்டவன் கைல கெடைச்சா நாலு கேள்வி கேக்கணும். வாங்குறவங்க ஹீட்டருக்கு அந்த கோட்ட நம்பாம தனி வயரு முறுக்கி போட்டுக்கோங்க, பொட்டி கிரவுண்டு எடத்த சொரண்டிக்கோங்க, பாதி வேல முடிஞ்ச மாதிரி.

வீட்டுக்கு கொண்டு வந்து போட்டதும் லேசா ஒரு ஹம்மு திரும்ப எட்டிப் பாத்துச்சு, கடைல சுத்தமா இல்லாதது. பாட்டா போன்ல (நம்பர் தந்தாரு, போடாதன்னுதான் சொன்னாரு) நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல எத்தன வோல்ட் காட்டுதுன்னு பாக்க சொன்னாரு. 14 வோல்ட். எங்க வீட்டு எர்த்து குழி மணல்ல தோண்டுனது, பல வருஷமா யாரும் திரும்பி பாக்கல. அன்னைக்கு நாலு குடம் தண்ணி ஊத்துனேன், 6 ஆச்சு, அப்பறம் எலக்ட்ரீஷியன கூப்பிட்டு கரியும் உப்பும் போட்டு புதுசா எடுத்ததுல 2க்கு வந்துச்சு. ப்ரீஆம்பையும் பெரிய ஆம்பையும் வேற வேற செவுத்து பாயிண்ட்ல சொருகியிருந்தேன், ரெண்டையும் ஒரே போர்டுக்கு கொண்டு வந்தேன், லூப்பு சின்னதாச்சு. ஹால்ல ஃபேன் ரெகுலேட்டர நடுவுல வச்சா இப்பவும் கொஞ்சம் ஜிர்ருங்குது, அதுக்கு ஃபேன முழுசா வைக்குறோம், அவ்வளவுதான்.

போறதுன்னா காலைல பத்தரைக்கு மேல போங்க, வியாழன் சந்தேகம். பொட்டியோட உங்க டர்ன்டேபிளையும் ஒரு ரெக்கார்டையும் கொண்டு போங்க. கடைசி நாளு நான் ஆட்டோல வச்சு கொண்டு போனேன், ரெண்டு நிமிஷம் கேட்டு பாத்து தருவாருன்னு நெனச்சேன், அப்பாவோட நாதஸ்வர ரெக்கார்டு ஒரு பக்கம் முழுசும் கேட்டாரு, குடை அண்ணனும் வந்து ஷட்டருக்கு கீழ குத்த வச்சுட்டாரு, முள்ளு உள் வளையத்துக்கு வந்து சர்ரக் சர்ரக்னு சுத்துனப்போ பாட்டா கைய நீட்டி எடுக்கல, வால்யூம முழுசா ஏத்தி வச்சு ஹம்மு இருக்கான்னு குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தாரு.